அளக்காத சூடு

…முப்பத்தொன்பது இருந்திருக்குமா, நாற்பதா, இல்லை அதற்கும் மேலேயா, இனி யார் சொல்வது, அன்றைக்கு அளந்திருந்தால்தானே தெரியும், அளக்கவில்லையே, செத்த மீனுக்கெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சூடு அளந்து கையெழுத்துப் போட்டவள் பெற்ற பிள்ளைக்கு அளக்கவில்லை, கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், நானே சில நேரம் சிரிக்கிறேன், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு. இந்த ஆஸ்பத்திரி நாற்காலி வேறு ஆடுகிறது. ஐந்து நாற்காலிகளை ஒரே இரும்புக் கம்பியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், அந்தக் கோடியில் யாராவது உட்கார்ந்தால் இந்தக் கோடியில் என்னைத் தூக்கிப் போடுகிறது. எதிரே சாத்திய கதவு. கதவுக்குள் என் மகள். நாற்பது நிமிஷம் ஆகும், நீங்க வெளியில இருங்கம்மா, உள்ள இருந்தா உங்க முகத்தையே பார்த்துட்டு இருப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள் டெஸ்ட் எடுக்கிற பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், கழுத்தில் அட்டை, கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் மரக்கட்டைகளும் படம் போட்ட அட்டைகளும். என் மகள் பழைய வகுப்புக்குத் திரும்பிப் போவாளா மாட்டாளா என்பது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

ஒரு கடிதம் வேண்டுமாம். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை நல்லவர்தான், எங்களுக்கும் ஆசைதாம்மா, ஆனா முப்பது பிள்ளைங்க இருக்கிற வகுப்பு, டாக்டர் எழுதிக் கொடுத்தா பக்கத்துல ஒரு டீச்சரைப் போட்டு அரை நாள் உட்கார வைக்கலாம், இல்லைன்னா அந்தத் தனிப் பள்ளிக்கூடம்தான் என்றார். தனிப் பள்ளிக்கூடத்தையும் போய்ப் பார்த்துவிட்டேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை, சுவரெல்லாம் கைப்பிடி, தரையெல்லாம் மெத்தை, அன்பான ஆட்கள், ஆனால் சத்தம் இல்லை, பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லையென்றால் இப்போதெல்லாம் நான் அங்கே நிற்பதில்லை, வெளியே வந்துவிடுகிறேன். பழைய வகுப்பில் ஜன்னல் ஓர இடம் இவளுடையது. அதில் யாரையும் உட்கார விடாமல் இவள் தோழி ஒருத்தி தன் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டிருக்கிறாளாம், எட்டு மாதமாக, டீச்சர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறாளாம், ஏழு வயதுக் கழுதைக்கு இருக்கிற வைராக்கியத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் இவள் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது, முதல் மார்க்கா கேட்டேன், பரிசா கேட்டேன், பெஞ்சில் ஒரு இடம்.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். யாராச்சும் ரேடியோவை அமத்துங்கப்பா, காது போகுது என்பார் இவர், நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், அதற்கு அவள் இந்த ரேடியோவுக்கு சுவிட்சே கிடையாதுப்பா என்பாள், சொல்லிவிட்டு அவர் முதுகில் ஏறிக்கொண்டு எறும்புக்குத் தூக்கம் உண்டா, பஸ்ஸுக்கு வலிக்குமா, நான் பிறக்கறதுக்கு முன்னாடி எந்த வீட்டுல இருந்தேன் என்று ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். வாயை மூடு வாயை மூடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், என் வாயில் இடி விழ. இப்போது ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது, தண்ணி, வேணாம், வலி, உள்ளே எங்கேயோ போய்த் தேடி எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒன்று கொடுக்கிறாள், அதற்கே களைத்துப் போகிறாள். இடது கால் இழுக்கிறது. இடது கைக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கிறது. காலையும் மாலையும் வலிப்பு மாத்திரை, கொடுத்தும் சில சமயம் சாப்பிடும்போதே பார்வை நிலைகுத்தி விடுகிறது, பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்துவிடுகிறாள், அந்தப் பத்து எண்ணுகிறேனே, அதில் என் ஆயுசு பாதி போய்விடும். ஒன்றுமில்லாததற்குச் சிரிக்கிறாள், ஒன்றுமில்லாததற்குத் தட்டை விட்டெறிகிறாள். மூக்கு அதே மூக்கு, உள்ளங்காலில் அதே மச்சம், ஆனாலும் துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் பழையவள் பேசுகிறது கேட்கிறது எனக்கு, எறும்பு, பஸ், வீடு, என்று, அப்படியே இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன், எட்டிப் பார்க்க மாட்டேன், எட்டிப் பார்த்தால் இவள்தான் இருப்பாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. பெற்ற பிள்ளையையே அவள் இவள் என்று பிரித்துப் பேசுகிறேனே, நான் என்ன தாய்.

அந்தக் கை விஷயம் வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஆரம்பித்தது. என் வலது கையைப் பிடித்து இழுப்பாள், தன் நெற்றியில் வைப்பாள், கண்ணை மூடுவாள், ஒரு நொடி, சரியாக ஒரு நொடி, பிறகு முகம் கோணி, ம்ஹூம் என்று என் கையைப் பலமாகத் தட்டி விடுவாள், நகம் படும், சில நாள் ரத்தமே வரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அப்பா கையை எடுப்பதில்லை, அத்தை கையை எடுப்பதில்லை, என் கை, என் வலது கை மட்டும். பயிற்சி கொடுக்க வருகிற அம்மாவிடம் கேட்டேன், மூளையில அடிபட்ட பிள்ளைங்க ஒண்ணையே திரும்பத் திரும்பச் செய்வாங்க, கண்டுக்காதீங்க, போகப் போகச் சரியாகும் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். எனக்கல்லவா தெரியும் அது என்னவென்று, வார்த்தைதான் போயிற்று, கோபம் போகவில்லை பிள்ளைக்கு, தொட்டாயே, இந்தக் கையால்தானே தொட்டாய், தொட்டும் சும்மா இருந்தாயே, என்று கேட்கிறாள், வேறு என்ன. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மீன் குளிர்கிடங்கில் பதினொரு வருஷம். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. தடித்த கோட்டு, இரண்டு ஜோடி சாக்ஸ், கையுறைக்கு மேல் கையுறை, இருபத்தைந்து நிமிஷம் உள்ளே, பதினைந்து நிமிஷம் வெளியே, அதற்கு மேல் உள்ளே நின்றால் காது மடல் உணர்வற்றுப் போகும். என் வேலை சூடு அளப்பது, குளிர் அளப்பது என்று சொல்ல வேண்டும், ஆனால் நாங்கள் சூடு என்றுதான் சொல்வோம், ஊசி முனை வைத்த கருவியைப் பெட்டிகளுக்கு இடையே செருகி, எண் நிற்கும் வரை காத்திருந்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கருவியின் பொத்தான் கடுகு அளவு, மேல் கையுறையோடு அமுக்க முடியாது, அதனால் வலது கைக்கு மட்டும் மேல் கையுறை போட மாட்டேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் ஒரு மணி நேரம் அந்தக் கை மட்டும் ஐஸ்கட்டியாகவே இருக்கும். இரண்டு டிகிரி ஏறினால் அலாரம் அடிக்கும். எங்கள் சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம், அலாரம் அடிச்சா அலறாதே, மீனைச் சந்தேகப்படாதே, முதல்ல முனையைச் சந்தேகப்படு, முனையில உறைபனி பிடிச்சிருக்கும், துடை, பத்து நிமிஷம் பொறு, மறுபடி அள, அப்புறம் என்னைக் கூப்பிடு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை முனைதான் தப்பாக இருக்கும். பதினொரு வருஷம் இதைச் செய்தால் அது வேலையாகவா இருக்கும், ரத்தத்தில் ஊறிப்போகும்.

அந்தத் திங்கட்கிழமை. சாயங்காலம் ஐந்தரை. இவர் வெளியூர் டியூட்டி, மறுநாள்தான் வருவார். பக்கத்து வீடுதான் என் நாத்தனாருக்கு, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூட்டி வந்து வைத்திருப்பாள், நான் வந்ததும் ஒப்படைப்பாள், அன்றைக்கு வாசலிலேயே சொன்னாள், பிள்ளை இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கா அண்ணி, சாப்பாட்டை அப்படியே வச்சிட்டா, பேசவும் இல்ல. பேசவும் இல்லை, அதுதான், அந்த ஒரு வார்த்தையிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டாமா, ரேடியோ பேசவில்லை என்றால் அதைவிட என்ன அலாரம் அடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்ததும் சோபாவில் சுருண்டுகொண்டாள், ஒரு சாக்ஸ் காலில், ஒன்று தரையில். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து நெற்றியில் கையை வைத்தேன். சுரீர் என்றது. அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்ட மாதிரி கை தானாக விலகியது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது எனக்கு, இதை யாரிடம் சொல்வேன், தெரியாமல் இல்லை, தெரிந்தது. தெரிந்த அதே நொடியில் பதினொரு வருஷப் புத்தி குறுக்கே வந்து நின்றது, முனையைச் சந்தேகப்படு. என் கைதானே ஐஸ், ஐஸுக்கு எல்லாமே நெருப்புதானே. உன் கைக்கு ஊரே காய்ச்சல்தான் என்று இவர் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார். அதற்கு முந்தைய வருஷம் இப்படிப் பதறிக்கொண்டு மூன்று தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்று தடவையும் ஒன்றுமில்லை, மூன்றாம் தடவை தெருமுனை டாக்டர் சிரித்துவிட்டார், முதல்ல உங்க கையை வெந்நீர்ல வைங்கம்மா, அப்புறம் பிள்ளையைத் தொடுங்க என்று, வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், எனக்கு மானம் போயிற்று. வீட்டு தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்து மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது, வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று ஒரு மாதம். சரி, பத்து நிமிஷம் பொறு, மறுபடி அள. கையை எடுக்கப் போனேன். எடுக்காதம்மா, சில்லுனு நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் வையேன் என்றாள். வைத்தேன். எவ்வளவு நேரம், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது, எடுத்துவிட்டேன். பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்து, வெந்நீரில் நாலு பாத்திரம் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து மறுபடி தொட்டுப் பார்த்தேன், அப்போது அவ்வளவாகச் சுடவில்லை. பார்த்தாயா, முனைதான் தப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வெந்நீரில் ஊறிய கை அது. பாவி, ஐஸ் கை உண்மையைச் சொன்னது, வெந்நீர்க் கை பொய் சொன்னது, நான் பொய் சொன்ன கையை நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தலைவலி என்றாள், ஒரு தடவை வாந்தி, உடம்பு இளஞ்சூடு, ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த சமயம், காய்ச்சல்தானே, சிரப் கொடுத்தேன், தூங்கினாள், நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன், அன்றைக்கு இருப்பு எடுக்கிற நாள், லீவு கிடையாது. மத்தியானம் கிடங்கிலிருந்து வெளியே வந்து கோட்டைக் கழற்றும்போது போன். அண்ணி, பிள்ளை என்னைப் போய் டீச்சர்ங்கிறா, சாக்ஸைக் கையில மாட்டிக்கிட்டுச் சிரிக்கிறா, எனக்குப் பயமா இருக்கு. அடுத்த போனில் பேச்சே இல்லை, வெறும் கத்தல். வலிப்பு. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது நாலு மணி. அவசரப் பிரிவில் கையில் பேனாவோடு நின்றார் ஒரு டாக்டர், காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சது என்றார். இன்னிக்குக் காலையில. யார் என்னை அடித்தார்கள், யார் மிரட்டினார்கள், நரம்பில்லாத நாக்கு அதுவாகவே சொல்லிற்று. பக்கத்தில் நின்ற நாத்தனார் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அன்று முதல் இன்று வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அவள் என்னைக் காப்பாற்றினாளா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாளா, தெரியாது, அடுக்களையில் எதிரெதிரே நின்று காய் நறுக்கும்போதுகூட ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள், நான் ஒரு முழு சாயங்காலத்தை மறைத்தேன். காய்ச்சல் ஒரு நாள், என்று எழுதினார்கள், பதினோரு நாள் அவள் கண் திறக்காமல் கிடந்தபோது ஒவ்வொரு டாக்டரும் அதையே படித்து அதையே அடுத்த தாளில் எழுதினார்கள்.

அதோ அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களே, எட்டு மாதமாக அதே படம், ஒரு பிள்ளையின் தலை, உள்ளே மூளை, சிவப்பு அம்புக்குறி. காய்ச்சலோடு குழப்பமோ வலிப்போ வந்தால் உடனே வாருங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஒவ்வொரு மணி நேரமும். ஐந்தரையிலிருந்து மறுநாள் நாலு வரை இருபத்திரண்டரை மணி நேரம், எனக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது. ஆனால் திங்கட்கிழமை குழப்பம் இல்லையே, வலிப்பும் இல்லையே, வெறும் சூடுதானே என்று ஒரு குரல், பேசவில்லையே, பேசாதது குழப்பம் இல்லையா என்று இன்னொரு குரல், இரண்டும் என் குரல்தான், வக்கீலும் நானே, நீதிபதியும் நானே, தீர்ப்பு மட்டும் வருவதில்லை. ஏன் வந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், மாடி வீட்டுக்காரி கொசு என்றாள், கடைக்காரர் செல்போன் என்றார், யாரோ ஒருத்தி நிறையப் படிக்க வச்சிருப்பாங்க என்றாளாம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை. டாக்டர்தான் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார், காய்ச்சலோட சேர்ந்து மூளையில வர்ற வீக்கம்மா இது, கிருமியே நேரா மூளைக்குப் போயும் வரும், கிருமியை விரட்டப் போன உடம்போட படை தப்பா மூளையை அடிச்சும் வரும், முதுகுல நீர் எடுத்துப் பார்த்தோம், ரத்தத்துல பார்த்தோம், எதுன்னு பிடிபடல, நிறையப் பிள்ளைங்களுக்குக் கடைசி வரைக்கும் பிடிபடறதே இல்ல. பிடிபடவில்லை என்றால் மனுஷனுக்கு ஆறுமா, பிடிபடாத இடத்தில் ஆளாளுக்குத் தன் பேரை எழுதிக்கொள்கிறார்கள். இவர் எழுதிக்கொண்டார். முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார், நீச்சல் கற்றுக் கொடுக்கிறேன் என்று, தண்ணீர் மூக்கில் ஏறியதாம், தும்மித் தும்மிச் சிரித்தாளாம். ஏரித் தண்ணியாலயா டாக்டர், ஏரித் தண்ணியாலயா டாக்டர் என்று வருகிற தடவையெல்லாம் கேட்கிறார், அப்படின்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது என்கிறார் அவர், இவருக்கு முதல் பாதி காதில் விழுவதே இல்லை. இவர் ஓட்டுகிற பஸ் அந்த ஏரியைச் சுற்றித்தான் போகும், அந்தப் பக்கம் அண்ணன் தலையைத் திருப்புறதே இல்ல அக்கா, கண்ணாடியைக்கூட மடக்கி வச்சிட்டாரு என்று கண்டக்டர் வந்து சொன்னார். கேலி செய்வதை விட்டுவிட்டார் மனுஷன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், உங்க தண்ணி இல்லங்க, என் கை, என்று, ஒரே ஒரு வார்த்தை, அவருடைய பாரத்தில் பாதியை நான் வாங்கிக்கொண்டிருக்கலாம், சொல்லவில்லை, அவரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அதுவும் தெரிந்தேதான்.

நாற்காலி தூக்கிப் போடுகிறது. அந்தக் கோடியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் சக்கர நாற்காலி, அதில் ஒன்பது பத்து வயதுப் பெண் பிள்ளை, தலை சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு, எச்சிலைத் துடைத்துத் துடைத்து மோவாய் சிவந்திருக்கிறது. உங்க பிள்ளைக்கு என்ன என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். எங்களுக்கும் அதேதான், என்றாள், ஒரே ஊர்க்காரியைப் பார்த்துவிட்ட மாதிரி நகர்ந்து உட்கார்ந்துகொண்டு. எத்தனை நாள் கழிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க. அன்னிக்கேதான், என்றேன், பழகிவிட்டது, இப்போதெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்லை. நானும் அன்னிக்கேதான், என்றாள் அவள், உடம்பு சுட்டு ஒரு மணி நேரம்கூட ஆகலங்க, அப்படியே அள்ளிக்கிட்டு ஓடி வந்தேன், செருப்புக்கூடப் போடல, டாக்டருங்களும் உடனே பார்த்தாங்க, ஒருத்தரையும் குறை சொல்ல மாட்டேன், அப்படியும் பாருங்க. பார்த்தேன். பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்க பொண்ணு நடந்து உள்ள போனதைப் பார்த்தேன், கொடுத்து வச்சவங்க நீங்க, என்ன புண்ணியம் பண்ணீங்களோ, என்றாள். பொறாமை இல்லை அந்தக் குரலில், இருந்திருந்தால் தேவலை. செருப்புப் போடாமல் ஓடியவளின் பிள்ளை இப்படி, பால் இறக்கி வைத்துப் பாத்திரம் கழுவியவளின் பிள்ளை நடக்கிறாள், அப்படியென்றால் என் இருபத்திரண்டரை மணி நேரத்துக்கு என்ன அர்த்தம், அது ஒன்றுமே இல்லையா, எட்டு மாதமாக நான் நெஞ்சில் கட்டிக்கொண்டு அலைகிற கல் வெறும் கல்தானா, இல்லை, அந்த இருபத்திரண்டரை மணி நேரமும் வீணாகாமல் இருந்திருந்தால் என் பிள்ளை இன்றைக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாளா. இவளிடம் சொல்லிவிடலாமா, நான் ஒரு நாள் தாமதம் பண்ணினேங்க என்று, சொன்னால் இவளுக்கு ஆறுதலாக இருக்குமா, அடிவயிற்றில் கத்தி இறங்குமா. நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது, இப்போது எல்லாரையும் போல வெதுவெதுப்பான கை, நகக்கண்ணில் மட்டும் பழைய நீலம் கொஞ்சம் இருக்கிறது.

இவர் வந்துவிட்டார், டிரைவர் சட்டையோடு, வேர்த்து, டிப்போவுல விடமாட்டேன்னுட்டானுங்க, முடிஞ்சுதா, என்று கேட்டுக்கொண்டே உட்காரப் போனார், கதவு திறந்தது. டெஸ்ட் எடுக்கிற பெண் முகமெல்லாம் பல்லாக நின்றாள், வாங்க வாங்க, டாக்டரும் உள்ளதான் இருக்காரு. உள்ளே மேஜை மேல் மரக்கட்டைகள் சிதறிக் கிடந்தன, என் மகள் சின்ன நாற்காலியில் களைத்துப்போய், கன்னத்தை மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கட்டையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். பெண் பேச ஆரம்பித்தாள். கட்டை அடுக்கினா, அஞ்சு வரைக்கும். மூணு வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன், ஒண்ணுதான் வந்துச்சு, பரவாயில்ல. ஆனா ஒண்ணு கேளுங்க, நடுவுல ரொம்பக் களைச்சுட்டா, சரி உடம்பு சுடுதான்னு நெத்தியில கை வச்சேன், என் கையை எடுத்துக் கீழ வச்சிட்டு என்ன சொன்னா தெரியுமா. தாளைப் பார்த்து வாசித்தாள், ஒரு எழுத்து விடாமல் எழுதி வைத்திருந்தாள். அம்மா கை, சில்லுனு இருந்துச்சு, சாக்ஸ் கீழ, எடுக்காதன்னேன், பால் பொங்குச்சு, எடுத்துட்டா. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாளாம், இரண்டு நிமிஷம் ஆயிற்றாம். எட்டு மாசத்துல இதான் பெரிய பேச்சு, இல்லையா, என்று சிரித்தாள் அந்தப் பெண், எனக்குக் காதுக்குள் குளிர்கிடங்கின் விசிறி ஓடியது.

அப்படியென்றால் கோபம் இல்லை. தட்டிவிட்டது கோபத்தில் இல்லை. எட்டு மாதமாக, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அவள் தேடியிருக்கிறாள், என் கையை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்து, அந்தக் கை இல்லை, அந்தக் கை இல்லை, என்று… நான் பழைய ரேடியோவைத் தேடிக்கொண்டிருந்த அதே வீட்டில் அவள் பழைய கையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டர் பேசுகிறார். அம்மா, இது முக்கியம், கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க, நீங்க தினமும் நெத்தியில கை வைக்கிற வழக்கமா, பொதுவா ஞாபகம் வச்சிருக்காளா, இல்ல இது ஏதோ ஒரு குறிப்பிட்ட நாளா, ஏன்னா இந்த நோய்ல விழறதுக்கு முந்தின ஒண்ணு ரெண்டு நாள் ஞாபகம் நிறையப் பிள்ளைங்களுக்கு அழிஞ்சு போயிடும், இவ அதைப் பிடிச்சு வச்சிருக்கான்னா கடிதத்துல நான் வேற மாதிரி எழுதலாம், வகுப்புல உட்கார வைக்கச் சொல்லித் தைரியமா எழுதலாம். பேனா தாளுக்கு மேலே நிற்கிறது. தினமும் வைக்கிறதுதான் டாக்டர் என்று சொன்னால் போதும், ஒரு பூச்சி அறியாது, திங்கட்கிழமை திங்கட்கிழமையாகவே புதைந்து போகும், கூடவே இவள் இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கித் தோண்டி எடுத்துக்கொண்டு வந்ததும் போகும். என் பிள்ளை எனக்காகச் சாட்சி சொல்லவில்லை, எனக்கு எதிராகவும் சொல்லவில்லை, தனக்குப் பிடித்த ஒன்றைச் சொன்னாள், அவ்வளவுதான்.

குறிப்பிட்ட நாள்தான் டாக்டர், என்றேன். திங்கக்கிழமை. சாயங்காலம் அஞ்சரை மணி. அப்பவே உடம்பு கொதிச்சுச்சு. எனக்குத் தெரியும்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், பழைய தாளைத் திருப்பி எதையோ அடித்தார், எதையோ எழுதினார், இவ்வளவுதானா, எட்டு மாதம், ஒரு கோடு அடித்து மேலே ஒரு வார்த்தை. ஞாபகம் இருக்கு, ரொம்ப நல்ல விஷயம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கடிதத்தை எழுத ஆரம்பித்தார். நான் இவரைப் பார்த்தேன். கத்துவார், எழுந்து வெளியே போவார், கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார், ஞாயிறு, திங்கள். அப்போ ஏரிக்குப் போன மறுநாளேவா, என்றார், குரலே இல்லாமல். ஐயோ, நான் பாதியை வாங்கிக்கொள்ள வந்தேன், இவர் அதையும் சேர்த்துத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். இல்லங்க, அது இல்லங்க, என்று வாயெடுப்பதற்குள் என் வலது கையை யாரோ இழுத்தார்கள்.

கன்னத்தை மேஜையிலிருந்து எடுக்காமலே இழுத்தாள், நெற்றியில் வைத்தாள், கண்ணை மூடினாள், ஒரு நொடி, முகம் கோணியது, தட்டி விட்டாள். மூலையில் கை கழுவுகிற தொட்டி இருந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன், அம்மா என்ன பண்றீங்க என்றாள் அந்தப் பெண், நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன், விரல் மரத்துப் போகிற அளவுக்குத் தண்ணீர் ஒன்றும் குளிர்ச்சியாக இல்லை, ஆனாலும் நின்றேன், நின்று, துடைக்காமல் வந்து வைத்தேன். தண்ணீர் அவள் புருவத்தில் வழிந்தது. கண்ணை மூடினாள். ஒன்று, இரண்டு, மூன்று, தட்டிவிடவில்லை. பத்து வரை எண்ணினேன், தட்டிவிடவில்லை. எடுக்காத, என்றாள். எடுக்க மாட்டேன்டி ரேடியோ, என்றேன், என்று நினைக்கிறேன், சொன்னேனா தெரியவில்லை. பின்னால் இவர் மறுபடி ஞாயிறு, திங்கள் என்று எண்ணுகிறது கேட்டது, டாக்டரின் பேனா ஓடுகிறது கேட்டது, என் உள்ளங்கைக்கு அடியில் அவள் நெற்றி சாதாரணமாக இருந்தது, சூடு எதுவும் இல்லை, ஆனால் என் கை வெதுவெதுப்பாக ஆரம்பித்துவிட்டது, எனக்குத் தெரிகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் தெரியும்.